போன்சுக் கொடுத்த புகார்

தென்கொரியாவின் புசான் நகரில் ஒரு கால் சென்டரில் பதினோரு வருடம் திட்டு வாங்கிய போன்சுக், ஒருநாள் பெற்ற தாயிடமிருந்து வந்த போனை எடுத்து, "வணக்கம், உங்க வாடிக்கையாளர் எண் சொல்லுங்க" என்றாள். அம்மா அழுதுவிட்டாள்.

டாக்டர் நான்கு மாதம் ஓய்வு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பார்த்த மேலாளர் யூன் எல்லோர் முன்னாலும், "இவ நல்லா நடிக்கிறா" என்று சிரித்தான்.

முதல் மாதம் முழுக்கத் தூங்கினாள். பிறகு கடற்கரையில் நடந்தாள், பசியெடுத்தது. உடம்பு தேறத் தேற வன்மமும் தேறியது. கூட வேலை பார்த்த ஒன்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, ஊழியர்களை அவமானப்படுத்துவதாகத் தொழிலாளர் அலுவலகத்தில் யூன் மீது புகார் கொடுத்தாள்.

விசாரணை தொடங்கியதும் யூன் அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். "ஏதோ ஆத்திரத்துல எழுதிட்டேன்னு சொல்லி வாபஸ் வாங்கிக்கம்மா."

"ஆத்திரமா? நல்லாத் தூங்கி எழுந்து நிதானமா எழுதினது சார்" என்று கதவைச் சாத்தினாள்.

அடுத்த வாரம் அவன் வேலை போனது. அன்று அவளுக்குச் சோறு இரண்டு கிண்ணம் இறங்கியது.