கதை முழுக்க மழை

நேற்றுத் தியேட்டரில், சிறுவயதில் நான் படித்த சித்திரக்கதை நாயகன் துப்பாக்கியை உருவினான். எல்லோரும் விசிலடித்தார்கள். எனக்கு மட்டும் ஏமாற்றம்.

யுத்தகாலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் அவன் கையில் குடைதான் இருந்தது. வீடு வீடாக ஆமி சோதனை நடத்திய நாட்கள்; துப்பாக்கிப் படம் இருந்தாலே சந்தேகம். "துவக்குப் படமெல்லாத்தையும் எரி" என்றார் அப்பா. நான் தரையில் புரண்டு அழுதேன். பதின்மூன்று வயது, வெட்கமேயில்லை.

"அழாதை ராசா" என்ற அம்மா, பேனையை எடுத்து ஒவ்வொரு துவக்கையும் குடையாக மாற்றினா. வில்லனுக்கும் ஒன்று.

சோதனைக்கு வந்த ஆமிக்காரர் புத்தகத்தைப் புரட்டினார். "ஏன் எல்லார் கையிலயும் குடை?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"கதை முழுக்க மழை, மாத்தயா" என்றா அம்மா, அதே சிங்களத்தில். அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனார்.

அம்மா இப்போது இல்லை. திரையில் குண்டுகள் பறக்க, நான் மூக்கை உறிஞ்சினேன்.

"சண்டைப் படத்துக்கு அழுற ஒரே ஆள் நீங்கள்தானப்பா" என்றாள் மனைவி.