சந்தனம் பூசிய அலாரம்

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் முதலில் எழுந்து போகிற ஆள் நான். கார்பன் டை ஆக்சைடைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மின்சாரம் பாய்ச்சி ஊதா வெளிச்சமாக்கி, அதை உடைத்து எரிபொருள் செய்யப் பார்க்கிறவளுக்குப் பேயோடு என்ன பேச்சு?

மேலூர் ரோட்டில் ஒரு ஷெட்தான் எங்கள் சோதனைக்கூடம், நானும் கூட வேலை பார்க்கிற கண்ணனும் மட்டும். அன்று ஆயுத பூஜை. பயல் சிலிண்டர், ரியாக்டர், சுவரில் இருந்த வாயு அலாரம் என்று ஒன்றுவிடாமல் சந்தனம் அப்பிவிட்டு, ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர் அம்புட்டையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டான்.

"நாளைக்குக் காலைல வரைக்கும் எதையும் தொடக்கூடாதுக்கா."

"போடா, நாளைக்கு இந்த ரியாக்டரப் பார்க்க ஆளுக வாராக, இன்னைக்கே ஓட்டிப் பார்க்கணும். நீ போய்ச் சாப்பிட்டு வா."

ரியாக்டர் அறைக்குள் போன் கொண்டுபோவதில்லை, மின்னழுத்தம் அப்படி. போனை அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் இரும்புக் கதவைச் சாத்தினேன். அவன் ரோட்டுக்கு எதிரே இருக்கிற மெஸ்ஸுக்குப் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் தலை விண்விண்ணென்று வலித்தது, வெயில் என்று நினைத்தேன், அப்புறம் கால் மடங்கியது. பார்த்தால் குழாய் இணைப்பு ஒன்று விட்டிருக்கிறது. அதில் வருவது கார்பன் மோனாக்சைடு, நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். அலாரமோ வாயே திறக்கவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டுத் தவழ்ந்துபோய்க் கதவை இழுத்தேன், கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. அதை மாட்ட ஸ்க்ரூடிரைவர் வேண்டும், அது பூஜையில் இருக்கிறது! வந்த ஆத்திரத்தில் கண்ணனை என்னென்னவோ திட்டினேன். கதவைத் தட்டினேன், கத்தினேன், ஒரு ஈ காக்கை இல்லை. இப்படியா சாகணும் என்று அழுகை வந்தது. அதற்குமேல் நினைவில்லை.

முழித்தபோது வாசலில் கிடந்தேன், கண்ணன் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான்.

நம்பினால் நம்புங்கள், அவன் சொன்னது இது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் போன் அடித்ததாம், திரையில் என் பெயர். என் போன் அவன் இலைக்குப் பக்கத்திலேயே இருட்டாகக் கிடந்ததாம். எடுத்தால் என் குரல்: "அலாரத்துல சந்தனம் அடைச்சிருக்குடா. கதவத் திற." எனக்கே அப்போது அது தெரியாது. பிறகு பார்த்தால் அலாரத்தின் வலைக்கண் முழுக்கச் சந்தனம் காய்ந்து கிடந்தது.

விஷவாயு மூளையைக் குழப்பும் என்பீர்கள். சரி, என் மூளை குழம்பியது. மெஸ்ஸில் உட்கார்ந்து சோறு தின்றவனுக்கு என்ன கேடு?

அதோடு போயிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். ஒரு மாதம் கழித்துத்தான் கண்ணன் மீதியைச் சொன்னான்.

"அக்கா, உங்கள இழுத்து வெளிய போட்டப்பவும் லைன் கட்டாகலக்கா. நீங்க மூச்சுப் பேச்சில்லாம கிடக்கீக, போன்ல உங்க குரல் கேட்டுக்கிட்டே இருக்கு."

"என்னடா சொல்லுச்சு?"

"'கதவத் திற, நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்'னு."

"நீ என்ன செஞ்ச?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாயு வெளிய வந்துரும்னு கதவச் சாத்திட்டேன்க்கா."