காய்ந்தால் ஏறும் நிறம்

அக்கா வேதியியல் மூன்றாம் வருடத்தைப் பாதியில் விட்டபோது எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "ஒரு வருஷம்தான். திரும்பப் போயிடுவேன்." அப்பா படுக்கையில் விழுந்திருந்தார். நான் பள்ளியை முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்த ஒரு வருடம் பதினொரு வருடமானது. நான் படித்து முடித்து, வேலைக்குப் போய், தலையில் முடி கொட்டத் தொடங்கிய பிறகும் அவள் பெயின்ட் கடையில் கலர் கலந்துகொண்டிருந்தாள்.

கலப்பதென்னவோ மெஷின்தான். மெஷின் செய்வதைத் திருத்துவது அக்கா. பழைய சுவரிலிருந்து பெயர்த்த துண்டை யாராவது நீட்டினால், ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு முறை திருப்பிப் பார்ப்பாள். பிறகு சொட்டுச் சொட்டாகச் சாயம். ஈரப் பெயின்ட் காய்ந்தால் ஒரு படி கறுக்கும் என்பதால், எப்போதும் ஒரு படி முன்னாலேயே கையை நிறுத்திவிடுவாள். டப்பா மூடியில் ஒரு பொட்டு வைத்து, ஹேர் டிரையரால் காயவைத்து, "இப்பப் பாருங்க" என்பாள். அச்சு அசலாகப் பொருந்தியிருக்கும்.

வாங்கியவர்கள் மனம் மாறித் தள்ளிவிட்ட டப்பாக்கள் எங்கள் வீட்டுக்கு வரும். கூடம் பச்சை, சமையலறை மஞ்சள், குளியலறையில் யாருடைய நின்றுபோன கல்யாணத்துக்கோ கலந்த ஊதா. அக்காவின் மேஜைக்கு எதிர்ச்சுவர் மட்டும் வெறும் வெள்ளை. "அதுக்கு ஏன்க்கா அடிக்கல?" என்றால், "அதுக்கு இன்னும் கலர் வரலடா" என்பாள். அவள் தலைமுடியில் காய்ந்த பெயின்ட் துளிகளை உரித்தெடுப்பது அப்போது என் வேலை. இன்றும் டர்பன்டைன் வாசனை வந்தால் எனக்கு அந்த வீட்டு ஏக்கம் வந்துவிடுகிறது.

பாதியில் விட்டவர்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று கல்லூரி அறிவித்தபோது, விண்ணப்பத்தை நான்தான் வாங்கி வந்தேன். 'படிப்பு நின்றதற்கான காரணம்' என்று ஒரே ஒரு வரி. அக்கா 'வேலை' என்று எழுதினாள். 'தம்பி' என்று எழுதியிருக்கலாம்.

எழுத்துத் தேர்வுகளை ஊதித் தள்ளினாள். செய்முறையில்தான் வந்தது வினை. பாடம் எடுத்தவள் அந்தக் காலத்தில் அக்காவோடு ஒரே மேஜையில் நின்ற தோழி. வாடி போடி என்று பேசியவளை இப்போது 'மேடம்' என்று கூப்பிட வேண்டும். மாதிரித் தேர்வில், குடுவையில் நிறங்காட்டி கலந்திருக்கும் அமிலத்தில் மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகக் காரத்தை விட்டு, இளஞ்சிவப்பு நிலைத்து நின்றதும் நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். அக்காவின் மூன்று அளவுகளும் ஒன்றுபோல இருந்தன. மூன்றும் ஒன்றுபோலத் தப்பு.

"கலர் நிக்கவே இல்லையே, அதுக்குள்ள ஏன் நிறுத்தினீங்க?" என்றாள் தோழி.

"காய்ஞ்சா ஒரு படி ஏறும்ல, மேடம்."

ஆய்வகமே சிரித்தது. தோழியும் வாயைப் பொத்திக்கொண்டாளாம். அக்கா வீட்டுக்கு வந்து பையை மூலையில் வீசினாள்.

"கையில ஊறிப்போச்சுடா. இந்தக் கை இனிமே கடைக்குத்தான் லாயக்கு. நான் பரீட்சைக்குப் போகல."

தேர்வுக்கு நான்கு நாள்தான் இருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப என் சர்டிபிகேட்டையும் கிழிச்சுப் போடு. எனக்காகத்தானே நிறுத்தின? அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எப்படி இருக்கும்னு நினைச்சியா?"

பதினொரு வருடத்தில் நாங்கள் இதைப் பேசியதே இல்லை. அக்கா வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பையை எடுத்து வைத்தாள்.

தேர்வன்று நான் கல்லூரி வாசலிலேயே நின்றேன். வந்தவள் மூச்சு விடாமல் சொன்னாள்: "முதல் சிவப்பு வந்ததும் விரல் தானா குழாயை மூடிடுச்சுடா. குலுக்கினேன், மறைஞ்சுடுச்சு. 'இது காயாது, இது காயாது'ன்னு சொல்லிக்கிட்டே இன்னொரு சொட்டு விட்டேன். நின்னுச்சு."

முடிவு வந்த அன்று தோழிதான் முதலில் போன் செய்தாள். "பாஸ் பண்ணிட்டடி, கழுதை!" என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது.

மறுநாள் அக்கா கடையிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்தாள். மூடியில் இளஞ்சிவப்புப் பொட்டு.

"இதை யாரு வேணாம்னாங்க?" என்றேன், பழக்கதோஷத்தில்.

"யாரும் சொல்லலடா. எனக்குன்னு கலந்தேன்."

வெள்ளைச் சுவரை இருவருமாக அடித்தோம். ஈரத்தில் நிறம் வெளிறித்தான் இருந்தது. காயும்வரை இரண்டு பேரும் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தோம்.