உப்பு பார்க்காத படையல்

நீலசந்திரா பகுதியில் சரசுவைப் பற்றி யாரைக் கேட்டாலும் வாயில்லாப்பூச்சி என்பார்கள். வாய் இருக்கிறது, பேசத்தான் ஆள் இல்லை. புருஷன் ரங்கா உயிரோடு இருந்தவரை அந்த ஒற்றை அறையில் சத்தத்துக்குக் குறைவே இருந்ததில்லை. பெயிண்ட் வேலை முடிந்து வந்ததும் ஒரு பாக்கெட் பிராந்தி உள்ளே போனால் பாட்டு, இரண்டு போனால் சண்டை. குடி குடியைக் கெடுக்கும் என்று தெரியாமலா குடித்தார்? நன்றாகத் தெரிந்துதான் குடித்தார்.

கல்லீரல் சுருங்கி, வயிறு பானையாக வீங்கி, ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். அந்த வார்டில் எல்லாக் கட்டிலிலும் அதே வயிறு, அதே மஞ்சள் கண்.

"உலகம் பூரா இதே கததாம்மா. குடி பாதி, பீடி பாதின்னு வாரிக்கிட்டுப் போவுது," என்றார் நர்ஸ் ஜோசஃபின்.

உலகத்தை வைத்துக்கொண்டு சரசு என்ன செய்வாள்? அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆள்.

உப்பு சேர்ந்தால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், கூடவே கூடாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து வீட்டில் உப்பில்லாச் சமையல். தனக்கு மட்டும் தனியாக ஆக்க மனசு வராமல் அவளும் அதையே தின்றாள். பிராந்தியைக்கூட மறந்துவிட்ட மனுஷன் உப்புக்குக் குழந்தை மாதிரி அழுதார்.

"ஒரு கல்லு போடுடி சரசு. ருசியா ஒரு வாய் தின்னுட்டு செத்துப்போறேன்."

கல்நெஞ்சுக்காரியாக மறுத்தாள். அப்படியும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வருஷத் திதி வந்தது. செத்தவர் ஆசைப்பட்டதை இலையில் வைப்பது அவர்கள் வழக்கம். கொழுந்தன் வெங்கடசாமி காலையிலேயே பிராந்தி பாக்கெட்டும் பீடிக்கட்டுமாக வந்து நின்றான்.

"இத வையுங்க அண்ணி. அண்ணனுக்குப் புடிச்சதாச்சே."

"அவரக் கொன்னத அவருக்கே படைக்கச் சொல்றியா தம்பி? கடைசியா அவரு உப்பு போட்ட சோத்துக்குத்தான் ஏங்கினாரு. அதான் ஆக்கறேன்."

"சும்னே வெட்டியா பேசாதீங்க அண்ணி. இத வைக்கலன்னா நாங்க யாரும் சாப்பிட வரமாட்டோம்."

"வராட்டிப் போங்க."

போய்விட்டான். அவனோடு மொத்தச் சொந்தமும் போனது.

ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்தது. படையலுக்குச் சமைக்கும்போது உப்பு பார்க்கக் கூடாது. செத்தவர்தான் முதல் வாய் வைக்க வேண்டும். அதனால் கைக்கணக்கில், தாராளமாகவே போட்டாள். இலை விரித்துப் பரிமாறி, சூடம் காட்டிவிட்டு, மிச்சத்தில் கொஞ்சம் தானும் சாப்பிட்டுப் பார்த்தாள். நல்ல உப்பு. கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்று நெஞ்சு நிறைந்தது. அதைச் சொல்லிக்கொள்ளத்தான் யாரும் இல்லை. ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி எதிர்வீட்டு எல்லம்மாவிடம் கொண்டுபோனாள்.

எல்லம்மா விரலால் தொட்டு நக்கினாள்.

"என்னடி இது, உப்பே போடலியா? பச்சத்தண்ணி மாதிரி இருக்குது!"

சரசு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அவர் போய் ஒரு வருஷம் ஆகியும் அவள் கை பழைய சமையலை விடவில்லை; தாராளம் என்று அது போட்டது ஒரு சிட்டிகைதான். அவருக்காகச் செத்த நாக்கு அப்படியே கிடக்கிறது. வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருந்தால் எப்போதோ தட்டைத் தள்ளிவிட்டு ஏசியிருக்கும்.

உப்பு டப்பாவை எடுத்து வந்து இலை முன்னால் உட்கார்ந்தாள். கை நிறைய அள்ளிக் குழம்பின்மேல் போட்டாள். எவ்வளவு போட்டால் போதும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னொரு கை அள்ளினாள்.

"போதுமா, நீங்களே சொல்லுங்க," என்றாள்.