சாயம் பிடிக்காத மூலை

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. இரத்தினபுரியில் ஓர் ஆய்வுகூடத்தில், பட்டப்பகலில். மஸீஹா சும்மா பயப்படுகிறவள் அல்ல. நோயாளிகளின் சதைத் துண்டுக்குச் சாயமேற்றுவதுதான் அவள் தொழிலே.

அந்தக் கிழமை அவளிடம் ஷாமிளாவின் கழுத்துக் கட்டி வந்திருந்தது. பலாங்கொடைத் தோட்டத்துப் பெண், கைக்குழந்தைக்காரி. புற்றுநோய் வேறெங்கோ தொடங்கிக் கழுத்துக்கு வந்திருந்தது. எங்கே தொடங்கியது என்று தெரியாமல் சரியான மருந்து கொடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை அவளுக்குக் கிளினிக்.

மார்பிலிருந்து வந்திருந்தால், அதற்கென்றுள்ள சாயத்தில் துண்டு பழுப்பாகும். சாயத்தை நம்பலாமா என்று பார்க்க, ஒவ்வொரு கண்ணாடித் தகட்டின் மூலையிலும் ஒரு பழைய மார்புப் புற்றுநோயாளியின் துண்டையும் வைப்பார்கள். அந்தத் துண்டை மெழுகில் பதித்து வைத்திருந்தார்கள்; அதிலிருந்து உதவியாளன் தினேஷ்தான் மெல்லிசாகச் சீவிக் கொடுப்பான். அது யாருடையது என்று மஸீஹாவுக்குத் தெரியாது. இலக்கம் மட்டும் மனப்பாடம்: 4417. அந்த மூலை பழுப்பாகாவிட்டால் முடிவு செல்லாது.

செவ்வாய்க்கிழமை மூலை வெறுமையாக இருந்தது. கழுவும்போது துண்டு போய்விட்டதாக்கும் என்று தன்னையே ஏசிக்கொண்டாள். புதன்கிழமையும் வெறுமை. அந்தப் பிள்ளைக்காரியை நினைத்து இன்னொரு தகடு கேட்டாள்.

வியாழன். வெளியே மழை கொட்டியது. மூன்றாவது தகடு சாயத்தில் கிடந்தது.

டொக்... டொக்...

ஜன்னலில் ஒரு தோட்டத்துப் பெண். தலையில் மழைக்குப் போர்த்தும் கொங்காணி.

"எனக்கு மட்டும் ரிப்போட் வரலீங்க."

நம்பரைக் கேட்டாள் மஸீஹா.

"நாலாயிரத்து நானூத்திப் பதினேழு."

கை அப்படியே நின்றது.

"எங்க ஆரம்பிச்சதுன்னு ஒருத்தரும் சொல்லலீங்க."

வாய் தானாகத் திறந்தது. "மார்புல..."

"அப்பவே சொல்லியிருக்கலாமேங்க."

அந்தப் பெண் மழைக்குள் இறங்கிப் போனாள்.

கொங்காணி... நனையவே இல்லை.

மஸீஹா தகட்டை எடுத்துப் பார்த்தாள். மூலையில் துண்டு இருந்தது. நல்ல பழுப்பு. பக்கத்தில் ஷாமிளாவின் துண்டும் பழுப்பு.

மறுநாள் ஷாமிளாவுக்கு என்ன மருந்து என்று முடிவாகிவிட்டது. 4417 யார் என்று டொக்டரிடம் மட்டும் கேட்டாள் மஸீஹா. எஹலியகொட றப்பர் தோட்டத்துப் புஷ்பம் என்றார் அவர். எட்டு வருடத்துக்கு முன், முடிவு வருவதற்குள்ளேயே செத்துப் போனவளாம்.

அதைக்கூட மஸீஹா தாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை தினேஷ் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"ஏசாதீங்க மிஸ். மெழுகுல இருந்த 4417 துண்டு போன கிழமைக்கு முதல் கிழமையே முடிஞ்சிருச்சு. சொல்லப் பயந்து, மூணு நாளும் வெறும் மெழுகத்தான் சீவி வெச்சேன்."