சம்புப் பாத்தியைச் சுத்தம் செய்த நாள்

பாகூர் பக்கம் இருக்கும் எங்கள் கொல்லையை அப்பா செம்மண் குவாரிக்கு விட்டிருந்தார். ஆழத்தில் கருங்களிமண் தட்டியதும் லாரிகள் நின்றன. குழி மட்டும் எனக்கு வந்தது. அதில் தேங்கிய தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். வாய்க்காலில் கசிந்து காற்றுப் பட்ட பிறகுதான் துருவாகச் சிவக்கும். அது பாயும் பக்கத்து வயலில் நட்ட பயிர் மஞ்சளாகப் பழுத்துப் போகும். யாருக்கும் குழிமேல் சந்தேகம் வரவில்லை. மண்வாகு அப்படி என்று ஊர் சொன்னது. நானும் தலையாட்டினேன்.

யாருக்கும் சொல்லாமல் நான் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது குட்டு வெளிப்பட்டது. குழித் தண்ணீரில் புளிப்பும் இரும்பும் அதிகம் என்றார் விவசாயக் கல்லூரி ஆசிரியர் ஒருவர். ஆழமில்லாத பாத்தி வெட்டி, சுண்ணாம்புக்கல் ஜல்லி கொட்டி, மக்கிய எருவைப் பரப்பி, ஏரிக்கரையில் புதராக மண்டும் சம்புப் புல்லை நடச் சொன்னார். தண்ணீர் அதற்குள் மெதுவாக ஊர்ந்து போனால் புளிப்பு குறையும், துரு சேற்றிலேயே தங்கிவிடும்.

"இன்னா தம்பி, களைய போயி நடற?" என்று சிரித்தார் பக்கத்து வயல்காரர். நான் அண்ணே என்று கூப்பிடும் மனிதர்.

"மீன் குட்டைண்ணே" என்றேன். உண்மையைச் சொன்னால் அவர் வயலைக் கெடுத்தது எங்கள் குழி என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே. எனக்கு வாய் நீளம்தான். தேவையான இடத்தில் மட்டும் சுருங்கிவிடும்.

ஒரு மழைக்காலம் தாண்டியதும் வாய்க்காலில் சிவப்பு குறைந்தது. கள்ளத்தனமாகச் சந்தோஷப்பட்டேன்.

பிறகு டைபாய்டு வந்து படுத்துவிட்டேன். எழுந்து கொல்லைக்குப் போனால், சம்பு முழுக்க வேரோடு வரப்பில் கிடக்கிறது. பக்கத்து வயல் அண்ணனும் அண்ணியும் சேற்றுக் கையோடு நிற்கிறார்கள்.

"ஒடம்பு முடியாம கெடக்கறியேன்னு நாங்களே எறங்கிட்டோம். பொதரு மண்டிக் கெடந்துச்சி. இப்ப சுத்தமாயிடுச்சி பாரு" என்றார் அண்ணன்.

கலங்கிய தண்ணீர் வெல்லப்பாகு நிறத்தில் அவர் வாய்க்காலுக்கே போய்க்கொண்டிருந்தது. அவருக்கு நான்கு நாளில் நடவு. "யாரு உங்கள எறங்கச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். இருவர் முகமும் வாடிவிட்டது. நல்லது செய்ய வந்தவர்களை வைது என்ன பயன்? மடையை மண் போட்டு அடைத்தேன். வரப்பில் உட்கார்ந்து குழி, துரு, பாத்தி, மீன் குட்டைப் பொய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அண்ணிதான் கேட்டார்: "அப்ப பயிரு பழுத்ததுக்கு என் கை காரணம் இல்லியா?"

எனக்குப் புரியவில்லை.

"மொத நாத்து நான்தான் வெப்பேன். என் கைராசி செரியில்லன்னு இவரு போன நடவுக்கு என்ன வயல்ல எறங்க வுடல. அந்தப் போகம் பச்சப்பசேல்னு வந்துச்சி. பாத்தியா, கெடுத்தது உன் கைதான்னுட்டாரு."

என் சம்பு செய்த நல்லதே அண்ணியின் மேல் விழுந்த பழியை உறுதிப்படுத்தியிருக்கிறது. வெட்கமாக இருந்தது.

அண்ணன் குனிந்து, வேர் காயாத ஒரு சம்புக் கொத்தை எடுத்து, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். "உன் கையில கொறை இல்ல. நீயே மொதல்ல வையி."

அண்ணி வாங்கவில்லை.

"என் மூஞ்சியப் பாத்து சொல்லுய்யா" என்றார்.