வீடியோவில் கேட்காத கிட்டார்

என் மாமாவை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். அம்மாவின் கூடப்பிறந்தவர். தங்கமான மனிதர் என்று பாளையங்கோட்டையில் பாதிப் பேர் சாட்சி சொல்வார்கள். சொல்லட்டும். எனக்குப் பதின்மூன்று வயதில் செய்ததை அவர் அவர்களில் யாருக்கும் செய்யவில்லை.

எங்கள் சபையின் பாட்டுக்குழுவுக்கு மாமாதான் தலைவர். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரும் அவர் கையில்தான். அந்த வருஷம், சபையார் எல்லாரும் கூடி உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு ஒரு பாட்டு எடுத்தார். நடுவில் எலெக்ட்ரிக் கிட்டாரில் வேகமாக ஒரு துண்டு வரும். அதை நீ வாசி என்றார். மாமா மகனும் குழுவில் கிட்டார்தான். பாட்டு முழுக்க அத்தான் வாசிப்பார், நடுவில் அரை நிமிஷம் எனக்கு.

அந்த அரை நிமிஷத்துக்காக ஒரு மாதம் வீட்டில் பழகினேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பயந்து அம்மா ஸ்பீக்கரில் மாட்ட விடவில்லை. வெறும் கிட்டாரில் எல்லாம் சுத்தமாகத்தான் கேட்டது. ஒத்திகையில் ஸ்பீக்கரோடு சேர்த்ததும் மானம் போயிற்று. நான் மீட்டுவது ஒரு கம்பி, கூடவே மீட்டாத ஐந்தும் இரைந்தன. வேகம் கூடக் கூட எது பாட்டு, எது இரைச்சல் என்றே தெரியவில்லை. அத்தான் சிரித்தார். "ஏட்டி, தேன்கூட்டையா கலைச்சி விட்டிருக்க?"

வந்த கோபத்தில் பத்து நாள், பள்ளிக்கூடம் விட்டதும் ஒத்திகை அறையிலேயே கிடந்தேன். வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தடித்த கம்பிகள் மேல் சாய்த்து வைத்தேன். இடது சுட்டுவிரலைப் படுக்கப் போட்டு, அதன் சதை மெல்லிய கம்பிகளை லேசாகத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி பழகினேன். அதற்கும் அடங்காததை அடக்க, பள்ளிக்கூட ரிப்பனைக் கிட்டார் கழுத்தின் நுனியில் சுற்றிக் கட்டினேன். கடைசி நாள் வேண்டாத கம்பி ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. அத்தான் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். மாமா அந்தப் பத்து நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

பண்டிகையன்று மாமா என்னை முன்வரிசையில் நிறுத்தினார். பட்டுப்பாவாடை, தலையில் பிச்சிப்பூ, தோளில் கிட்டார். "சிரிச்ச முகமா நில்லு பிள்ள. போட்டோ எடுக்காவ" என்றார். வாசித்தேன். எனக்குக் கேட்பதற்காகக் காலடியில் வைத்திருந்த சின்ன ஸ்பீக்கரில் ஒவ்வொரு சுரமும் அரிசியை எண்ணிப் போட்ட மாதிரி தனித்தனியாக விழுந்தது. அசனப் பந்தியில் எல்லாரும் என் பாவாடையைப் பாராட்டினார்கள். வாசித்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கறிச்சோற்றில் கவனம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அத்தையின் போனில் வீடியோ பார்த்தோம். என் துண்டு வந்தது. என் விரல்கள் பறந்தன, என் கிட்டார் கேட்கவே இல்லை. பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போகிற என் சத்தத்தை மாமா அடியோடு மூடியிருந்தார். காலடி ஸ்பீக்கரை மட்டும், எனக்குச் சந்தேகம் வராதபடி, திறந்து விட்டிருந்தார். அந்தக் கரிசனத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நேராகப் போய்க் கேட்டேன். "ஒன் கம்பி ரொம்ப இரையுதுலா. பண்டிகை நாளும் அதுவுமா வம்பு என்னத்துக்குன்னு மூடிட்டேன்" என்றார். கையோடு போட்டோவைக் காட்டினார். "இதப் பாரு, எவ்வளவு அம்சமா நிக்க."

அதே வீடியோவில் அத்தானின் கிட்டார் பாட்டு முழுக்க இரைந்துகொண்டிருந்தது. அதை யாரும் மூடவில்லை. என் காதால் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. மாமாவுக்கு வேண்டியிருந்தது முன்வரிசையில் கிட்டாரோடு நிற்க ஒரு பெண்பிள்ளை, அவ்வளவுதான் என்று புரிகிற வயதில்லை. என் சுட்டுவிரலில்தான் ஏதோ குறை என்று நம்பி, மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஒத்திகை அறைச் சாவி கேட்டு மாமா வீட்டு வாசலிலேயே போய் நின்றேன்.